நட்சத்திரங்கள் இடம் மாறின, கவலை வேண்டாம்!

பழைய செய்தித்தாள்களைப் புரட்டுவதில் ஒரு தனிச் சுகம் உண்டு. அன்று ஊரையே பரபரக்க வைத்தது, இன்று சிரிப்பை வரவழைக்கும். ஒரே ஒரு நாளின் தாளை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 1919-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் தேதியிட்ட 'நியூயார்க் டைம்ஸ்'. அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்த தலைப்புகளைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"வானத்து ஒளிகளெல்லாம் கோணல்மாணல்! கிரகண முடிவுகளால் விஞ்ஞானிகள் பரபரப்பு! ஐன்ஸ்டைன் கொள்கைக்கு வெற்றி! நட்சத்திரங்கள் தோன்றிய இடத்திலும் இல்லை, கணக்கிட்ட இடத்திலும் இல்லை. ஆனால் யாரும் கவலைப்பட வேண்டாம்! பன்னிரண்டு அறிஞர்களுக்கான நூல்!"

'யாரும் கவலைப்பட வேண்டாம்' என்று போட்டார்களே, நல்லவேளை! இல்லாவிட்டால் நட்சத்திரத்தைக் காணோம் என்று யாராவது போலீசில் புகார் கொடுத்திருப்பார்கள். லண்டனிலிருந்து இச்செய்திகளை அனுப்பிய நிருபர் கால்ஃப் ஆட்டத்தைப் பற்றி எழுதுவதில் வல்லவராம். பந்து குழியில் விழாமல் விலகிப்போவதைப் பார்த்துப் பழகியவருக்கு, ஒளி விலகியதும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

நடந்தது என்ன? 1919 மே 29-இல் முழுச் சூரிய கிரகணம். எடிங்டன் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை அடுத்த பிரின்சிப்பே தீவுக்குப் போனார். இன்னொரு குழு பிரேசிலில் உள்ள சோப்ரால் ஊருக்குப் போயிற்று. மறைந்த சூரியனைச் சுற்றித் தெரிந்த நட்சத்திரங்களைப் படம் பிடித்தார்கள். சூரியனின் ஈர்ப்பு ஒளிக்கதிரை வளைக்கும்; அதன் விளிம்பைத் தொட்டு வரும் கதிர் 1.75 விகலை வளையும் என்பது ஐன்ஸ்டைனின் கணக்கு. நியூட்டன் வழியில் கணக்கிட்டால் அதில் பாதிதான் வரும். நவம்பர் 6-ஆம் தேதி லண்டனில் முடிவை அறிவித்தார்கள்: ஐன்ஸ்டைன் பக்கம்.

ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் விகலை. இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு நாணயத்தை மூன்று கிலோமீட்டர் தூரத்தில் வைத்துப் பாருங்கள். அது கண்ணில் அடைக்கும் கோணம்தான் 1.75 விகலை. வானம் கோணலான இலட்சணம் இவ்வளவே!

இதைவிடப் பெரிய கோணல் நாள்தோறும் நடக்கிறது. அடிவானத்துச் சூரியனைக் காற்றுமண்டலம் அரைப் பாகைக்கும் மேலாகத் தூக்கிக் காட்டுகிறது. அது 1.75 விகலையைப் போல ஆயிரம் மடங்குக்கும் அதிகம். காலையில் நாம் கும்பிடும்போது சூரியன் உண்மையில் இன்னும் உதித்திருக்காது. இதற்கு எந்தப் பத்திரிகையும் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டதில்லை.

ஆனால் அளவு சிறியது என்பதால் செய்தி சிறியதாகிவிடாது. காற்றே இல்லாத வெளியில், ஈர்ப்பினால் மட்டுமே ஒளி வளைந்தது என்பதுதான் செய்தி. வேடிக்கை பாருங்கள், அத்தனை தலைப்பிலும் 'ஈர்ப்பு' என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இடமில்லை!

மூன்று நாள் முன்னதாகவே லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை, நியூட்டனின் கருத்துகள் தூக்கியெறியப்பட்டன என்று முழங்கிவிட்டது. பாவம் நியூட்டன்! தூக்கியெறியப்பட்ட அதே விதிகளை வைத்துத்தான் 1969-இல் மனிதனைச் சந்திரனுக்கு அனுப்பினார்கள். மிக நுட்பமான கணக்கு வேண்டிய இடத்தில்தான் ஐன்ஸ்டைன் தேவைப்படுகிறார். உங்கள் வீட்டுச் செல்பேசிக்கு இடம் காட்டும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் கடிகாரம், திருத்தாமல் விட்டால், நாளொன்றுக்கு 38 மைக்ரோ செகண்டு முந்தி ஓடும். அதில் வரும் பிழை ஒரே நாளில் பத்துக் கிலோமீட்டரைத் தாண்டிவிடும். 'கவலைப்பட வேண்டாம்' என்பது அந்தப் பொறியாளர்களுக்குப் பொருந்தாது.

இந்தத் தலைப்புகளில் எனக்குக் கோபமூட்டுவது கடைசித் தலைப்புத்தான். உலகில் பன்னிரண்டு பேருக்குத்தான் இது புரியும் என்று ஐன்ஸ்டைனே சொன்னதாக அதில் போட்டார்கள். அப்படி அவர் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. எண்ணிக்கை இன்னும் குறைந்த கதையும் உண்டு. லண்டன் கூட்டம் முடிந்ததும் சில்பர்ஸ்டைன் என்ற விஞ்ஞானி எடிங்டனிடம், "இது விளங்கிய மூன்று பேரில் தாங்கள் ஒருவர்" என்றாராம். எடிங்டன் பேசாமல் நின்றார். "அடக்கம் வேண்டாமே" என்றார் இவர். "அடக்கமில்லை. மூன்றாமவர் யார் என்று யோசிக்கிறேன்!" என்றார் எடிங்டன். பின்னாளில் நம் சந்திரசேகருக்கு எடிங்டனே சொன்ன கதை இது.

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'இது நமக்கு ஏறாது சார்' என்று முதல் நாளே புத்தகத்தை மூடிவிடும் மாணவர்களை ஆண்டுதோறும் வகுப்பில் பார்ப்பவனுக்கு, முழுச் சிரிப்பு வருவதில்லை. ஐன்ஸ்டைன் 1917-லேயே இக்கொள்கையை விளக்கிப் பொதுமக்களுக்கென்று ஒரு சிறு நூல் வெளியிட்டார். பள்ளி இறுதிப் படிப்பு இருந்தால் போதும், கொஞ்சம் பொறுமையும் வேண்டும் என்பது அதன் முன்னுரையில் அவரே போட்ட நிபந்தனை.

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இரண்டு இளம் ஆசிரியர்கள் இருந்தார்கள்: மேகநாத சாஹா, சத்யேந்திரநாத் போஸ். இருபத்தாறு வயதை ஒட்டியவர்கள். ஐன்ஸ்டைனின் ஜெர்மன் கட்டுரைகளை ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். 1920-இல் பல்கலைக்கழகமே அதை நூலாக வெளியிட்டது. அந்தப் பன்னிரண்டு பேர் பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று நியூயார்க்குக்குக் கடிதம் போட்டுக் கேட்க அவர்களுக்கு நேரமில்லை.