சிலையும் சோறும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் மனிதருக்கு நமது நாட்டில் உபசாரங்கள் பல உண்டு. ரோஜாப்பூ மாலை, சிற்றுண்டி, நாலைந்து பிரசங்கங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பென்ஷன். மறுநாள் முதல் அவர் சாய்வு நாற்காலியில் அமர்ந்து பத்திரிகை படிக்கலாம், சர்க்காரைக் கண்டிக்கலாம். ஆனால் வேலை செய்து ஓய்ந்த நாய்க்கு என்ன உண்டு? அது மாலையைக் கேட்பதில்லை, பிரசங்கத்தையும் கேட்பதில்லை. படுக்க ஒரு மூலை, வேளைக்குக் கொஞ்சம் சோறு, இவ்வளவே அதற்கு வேண்டும். இந்த இரண்டையுந்தான் உலகம் நெடுநேரம் யோசித்துக் கொடுக்கிறது.

வேறு மரியாதைகளில் குறை வைப்பதில்லை. பால்டோ என்னும் நாயின் சரித்திரத்தைப் பாருங்கள். 1925-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அலாஸ்கா தேசத்து நோம் என்ற சிற்றூரில் தொண்டை அடைப்பான் நோய் கண்டது. குழந்தைகளின் மூச்சை அடைத்துக் கொல்லும் கொடிய வியாதி அது. ரயில் பாதை வரையில் மருந்து வந்து சேர்ந்துவிட்டது. அதற்கப்பால் 674 மைல் தூரம் வெறும் பனி. இருபது வண்டிக்காரர்களும் சுமார் 150 நாய்களும், ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி மாற்றி, பனிச்சறுக்கு வண்டிகளில் அந்த மருந்தை ஐந்தரை நாளில் கொண்டு சேர்த்தார்கள். மிக நீண்ட, மிக ஆபத்தான வழியை ஓடிக் கடந்தது டோகோ என்னும் நாய். கடைசி வண்டியின் தலைமை நாயாக ஊருக்குள் நுழைந்தது பால்டோ. கடைசியில் வந்தவருக்கே கைதட்டல் என்பது நாய்களுக்கும் பொருந்தும் போலும்! அவ்வருஷம் டிசம்பரிலேயே நியூயார்க் நகரத்துப் பூங்காவில் பால்டோவுக்கு வெண்கலச் சிலை எழுந்தது.

சிலை பூங்காவில் நின்றது. நாயோ விலைப்பட்டுக் கை மாறியது. 1927-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தில், காசு வாங்கிக்கொண்டு விநோதங்களைக் காட்டும் ஒரு மலிவுக் காட்சிசாலையில் பால்டோவும் ஆறு தோழர்களும் மெலிந்து கட்டுண்டு கிடந்தன. கிளீவ்லாந்து நகரத்து வர்த்தகரான ஜார்ஜ் கிம்பிள் என்பவர் தற்செயலாக அவற்றைக் கண்டார். கேட்ட விலை இரண்டாயிரம் டாலர். அவர் தம் ஊருக்குச் செய்தி அனுப்பினார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சில்லறைக் காசு சேர்த்தார்கள். தொழிலாளிகளும் கடைக்காரர்களும் கொடுத்தார்கள். பத்தே நாளில் பணம் சேர்ந்தது. ஏழு நாய்களும் கிளீவ்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்நகரத்து மிருகக்காட்சி சாலையில் பால்டோ 1933 வரையில் நிம்மதியாக வாழ்ந்து மறைந்தது. சிலை வைத்தது ஒரு பெரிய நகரம். சோறு வைத்தது மற்றொரு நகரத்துக் குழந்தைகள். இவ்விரண்டில் நாய்க்குத் தெரிந்தது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

நமது தேசத்திலும் இந்தக் கேள்வி எழுந்தது. குண்டு புதைந்த நிலத்தில் தனக்கு முன்னே நடந்து வழி காட்டும் நாயைப் பட்டாளத்துச் சிப்பாய் தன் உயிர்த் தோழனாகவே எண்ணுகிறான். ஆனால் வேலைக்கு லாயக்கில்லாமற் போன இராணுவ நாய்கள் மருந்து கொடுத்து நிரந்தரமாக உறங்க வைக்கப்பட்டு வந்தன. 2015-இல் இச்செய்தி வெளியாகி ஜனங்கள் மனம் நொந்தார்கள். விவகாரம் டில்லி உயர்நீதிமன்றம் வரை சென்றது. ஓய்வு பெற்ற நாய்களுக்கென ஒரு கொள்கை வகுப்பதாகச் சர்க்கார் தரப்பில் கூறப்பட்டது. அதன் பிறகு அவற்றை மீரட் நகரத்து இராணுவக் கால்நடைப் படையின் நிலையத்தில் வைத்துப் பராமரிப்பதும், விரும்பிக் கேட்கும் குடும்பங்களுக்குத் தருவதும் வழக்கத்துக்கு வந்தன. நாய் ஒன்றுக்கு உத்தியோகம் போனால் உயிரும் போக வேண்டும் என்ற நியாயம் ஒழிந்ததில் நமக்கு மிகுந்த திருப்தி.

நிற்க. மீரட்டும் அலாஸ்காவும் தூரத்தில் இருக்கின்றன. நம் விருதுநகர் ஜில்லா கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர் பெற்ற அந்தக் கந்தக பூமி, நாய்களுக்கும் பெயர் பெற்றது. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்குமாக நிற்கும் இராஜபாளையம் நாய், தோட்டங்களையும் வீடுகளையும் காத்தது. காட்டுப் பன்றியை எதிர்த்தது. சாத்தூர்ப் பக்கத்துச் சிப்பிப்பாறை கிராமத்தின் பெயரைத் தாங்கிய மெல்லிய, நெடுங்கால் நாய், கரிசல் காட்டில் முயலைத் துரத்தி ஓடுவதற்கென்றே பிறந்தது. 2005-இல் தபால் இலாகா இராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வெளியிட்டது. 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரியின் ரேடியோப் பேச்சில் இவ்விரு இனங்களும் பெயர் சொல்லிப் பாராட்டப்பட்டன. சுதேசி நாய்க்குக் கிடைத்த இந்தக் கௌரவத்தைக் கண்டு நாமும் பெருமைப்பட்டோம்.

ஆனால் தபால் தலையும் ஒரு சிலைதானே? புகழ் வந்ததும் குட்டியின் விலை ஏறுகிறது. கிழநாயின் சோறு ஏறுவதில்லை. வேட்டைத் தொழிலோ முடிந்துவிட்டது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், பின்னர் வந்த திருத்தங்களும் அதற்கு முடிவு கட்டின. அது முயலுக்குச் செய்த நியாயம். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஓடப் பிறந்த நாய்க்கு மட்டும் ஓட வேலையில்லாமற் போயிற்று. குட்டி விற்போர் வீட்டில் இன்னொரு வகை ஓய்வு இருக்கிறது. ஈன்று ஈன்று ஓய்ந்த பெட்டை நாயைச் சொல்கிறோம். எட்டு வயதுக்கு மேலும், ஐந்து ஈற்றுக்கு மேலும் பெட்டையை ஈன வைக்கலாகாது என்று 2017-ஆம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகள் கூறுகின்றன. விதி ஓய்வு கொடுக்கும். வீடு கொடுக்க வேண்டியவர் மனிதர்.

இதற்கிடையே வேறொரு விநோதமும் நடந்தது. பனிச்சறுக்கு வண்டி இழுக்கப் பிறந்த ஸைபீரியன் ஹஸ்கி நாயை, அழகுக்காக விலை கொடுத்து வாங்கித் தமிழ்நாட்டு வெயிலில் கட்டிப் போடும் நாகரிகம் வந்தது. இரட்டைக் கம்பளி போன்ற ரோமம் அதற்கு. சித்திரை மாதத்து விருதுநகர் வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதைத் தவிர அது வேறென்ன செய்யும்? 2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்நாட்டு வெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று வரிசைப்படுத்தப்பட்ட இனங்களில் ஹஸ்கியும் ஒன்று. சிப்பிப்பாறையும் இராஜபாளையமும் போற்றி வளர்க்க வேண்டிய இனங்களாகக் கூறப்பட்டன. மிக்க நல்லது. ஆயினும் கொள்கை இனிப் பிறக்கப் போகும் குட்டிகளைப் பற்றியது. பிறந்து வளர்ந்து, வாங்கியவருக்கு ஆசை தீர்ந்து தெருவுக்கு வந்த ஹஸ்கியும் ஒரு ஜீவன்தான். அதற்கும் நிழலும் தண்ணீரும் தரும் ஒரு வீடு வேண்டும்.

வயதான நாய்க்கு வீடு தருவது கஷ்டமான காரியமா? குட்டி வளர்ப்பதை விடச் சுலபம் என்றே சொல்லலாம். அது செருப்பைக் கடிக்கும் பருவத்தைத் தாண்டியது. சொன்ன சொல் கேட்டுப் பழகியது. எனினும் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். புது வீட்டில் முதல் மூன்று நாள் பயம், மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் உரிமை என்று பழக்குகிறவர்கள் கணக்குச் சொல்வார்கள். ஆகவே வந்த அன்றே உற்றார் உறவினரை அழைத்துக் காட்சி வைக்க வேண்டாம். வேலை செய்து பழகிய நாய்க்குத் திடீரென்று ஒரு வேலையும் இல்லாமற் செய்வதும் தண்டனையே. காலையும் மாலையும் சிறிது தூரம் நடத்திச் செல்ல வேண்டும். வேட்டை இனமாயின், வீட்டுக் கோழியும் பூனையும் அதன் கண்ணுக்கு முயலாகத் தோன்றக்கூடும். சிப்பிப்பாறை நாயின் எலும்புக்கு மேல் சதை குறைவு. வெறுந்தரையில் படுத்தால் முட்டி புண்ணாகும். ஒரு பழைய சாக்கு போதும். வெங்காயம் சேர்ந்த சாம்பார் சாதம் நாய்க்கு ஆகாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டு தோறும் தவறவிடலாகாது. வெண்ணிற இராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே செவிடு. அவற்றைப் பின்னாலிருந்து தொடாமல், எதிரில் வந்து கைச் சைகையால் அழைக்க வேண்டும்.

பட்டாசு பூமியில் இன்னொரு சிரமம். மனிதன் காதுக்கு எட்டாத ஒலியும் நாயின் காதுக்கு எட்டும். நமக்கு வேடிக்கையாக இருக்கும் வெடி அதற்கு இடி. சிவகாசி ஜனங்களின் வயிற்றுப் பிழைப்பே வெடி என்பதை நாம் மறக்கவில்லை. அதை நிறுத்தச் சொல்லவும் நாம் வரவில்லை. 2018 முதல் தீபாவளியன்று வெடி வெடிப்பதற்குக் காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று தமிழக அரசு நேரம் குறித்து வந்திருக்கிறது. நாய் வளர்ப்போர் இதையே அனுகூலமாக்கிக் கொள்ளலாம். பொழுது சாயும் முன்பே நாயை நடத்திக் கூட்டி வந்து, உணவளித்து, ஜன்னல் சாத்திய உள்ளறையில் விட்டு, வீட்டார் ஒருவர் பக்கத்தில் இருக்கலாம். கட்டிப் போடுவது மட்டும் கூடாது. மிரண்ட நாய் கயிற்றில் கழுத்தை நெரித்துக் கொள்ளும்.

நிரந்தரமாக ஏற்க முடியாதவர்களும் செய்யக்கூடிய உபகாரம் ஒன்று உண்டு. நிலையான வீடு கிடைக்கும் வரையில் ஒரு மாதமோ இரண்டு மாதமோ நாயைத் தம் வீட்டில் வைத்திருக்கலாம். அதற்குள் அதன் சுபாவம் தெரிந்துவிடும்: குழந்தைகளிடம் சாதுவா, மற்ற நாயோடு ஒத்துப் போகுமா, தனிமையைப் பொறுக்குமா? இவற்றை ஒளிக்காமல் எடுத்துச் சொன்னால், ஏற்கிறவரும் ஏமாற மாட்டார். நாயும் மறுபடி தெருவுக்கு வராது.

மனிதருக்கே சோறில்லாத நாட்டில் நாய்க்கு உபசாரமா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் பேசுவது தர்மத்தைப் பற்றியல்ல, கடனைப் பற்றி. பத்து வருஷம் நம் வாசலைக் காத்ததும், நம் பையை நிரப்பக் குட்டி ஈன்றதும், நம் சிப்பாய்க்கு முன்னே நடந்ததும் அந்த நாய். கூலியை நாம் பாக்கி வைத்திருக்கிறோம். ஆதலால் அடுத்த முறை குட்டி வாங்கப் புறப்படும் குடும்பத்தார், விலை பேசுவதற்கு முன் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து ஒரு கேள்வியைத் தீர்மானித்துக் கொள்ளட்டும். பத்தாவது வருஷத்தில் இதற்குச் சோறு வைக்கப் போவது யார்? பதில் சொல்ல ஒருவரும் இல்லையென்றால், குட்டி கடையிலேயே இருக்கட்டும். பதில் சொல்ல ஒருவர் இருந்தால், ஊரில் எங்கேனும் ஓய்ந்து கிடக்கும் ஒரு கிழநாயை இன்றைக்கே அழைத்து வரலாம்.