தலைமை மாற்றமும் தலைமன்னார்த் துறையும்

அயல்நாட்டுக் கொள்கையை வகுப்பது அரசின் நலனேயன்றித் தனிமனிதர் அல்லர் என்பர் அரசியல் நூலார். மன்னார்த் தீவில் வளர்ந்த நாம் அக்கூற்றை முற்றாக ஒப்புதற்கில்லை. தலைமன்னார் இறங்குதுறை நமக்குக் கற்பித்த பாடம் வேறு.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகிய மலையகத் தமிழர் பற்றிக் கொழும்பும் டில்லியும் பல்லாண்டு வாதிட்டன. இந்தியக் குடியுரிமையைத் தாமே விரும்பிக் கேட்போரையன்றிப் பிறரை ஏற்பதற்கில்லை என்பது ஜவாஹர்லால் நேருவின் நிலை. 1954இல் சேர் ஜோன் கொத்தலாவலையுடன் உடன்படிக்கை செய்தபோதும் அவர் அதனைக் கைவிட்டிலர். 1964 மே 27இல் அவர் மறைந்தார். அடுத்து வந்த லால் பகதூர் சாஸ்திரி, பதவியேற்று ஐந்து திங்கள் நிறையுமுன், ஒக்டோபர் 30இல், சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாருடன் ஒப்பந்தம் செய்தார். 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இந்திரா காந்தி அம்மையாரும் சிறிமாவோ அம்மையாரும் சரிபாதியாகப் பிரித்தனர். பங்கிடப்பட்டோரின் விருப்பத்தை எவரும் கேட்டிலர்.

1962இன் சீனப் போருக்குப்பின் அயலவர் நட்பு இந்தியாவுக்கு இன்றியமையாததாயிற்று, ஆகவே நலனே காரணம் என வாதிடலாம். அதில் உண்மையுண்டு. ஆயினும் அப்போரின் பின் நேரு ஒன்றரை ஆண்டு ஆட்சியிலிருந்தாரன்றோ! தேவை அன்றும் இருந்தது, கையொப்பம் இல்லை.

இங்கு வியப்பொன்றுண்டு. 1965இல் கொழும்பிலும் ஆட்சி மாறி டட்லி சேனநாயக்க பிரதமரானார். ஒப்பந்தம் மாறவில்லை, 1967இல் அதனை நிறைவேற்றுதற்கே சட்டம் இயற்றப்பட்டது. ஒரு தலைவரின் மறைவு திறந்த வழியை இன்னொருவரின் வருகை அடைத்திலது. அரசொன்று இட்ட கையொப்பம் அடுத்த அரசையும் கட்டும். அதுவும் தனக்கு ஆதாயமாயின், அவிழ்க்க எவர் முனைவர்?

ஒப்பந்தமாகி இரு திங்களுக்குள் தனுஷ்கோடியைப் புயல் அழித்தது. பின்னர்க் கப்பல் இராமேசுவரம் சென்றது. மலைநாட்டிலிருந்து அவர்களை ஏற்றிவந்த புகைவண்டிக்கு மக்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. மூட்டையும் முடிச்சுமாக இறங்கியோருட் பலர், தாம் ‘திரும்பிச் செல்வதாக’ எழுதப்பட்ட நாட்டை முன்னொருபோதும் கண்டவரல்லர்.

1984இல் கப்பற் சேவை நின்றது. இந்தியக் கடவுச்சீட்டுடன் காத்திருந்தோர் இங்கேயே தங்கினர். அவர்களுக்கும் வழிசெய்து 2003இல் இலங்கைப் பாராளுமன்றம் பிரசாவுரிமை வழங்கியது. எந்நாள் முதல் இங்கு வதிந்தோர் அதற்குத் தகுதியுடையர் என அச்சட்டம் குறித்ததெனின், 1964 ஒக்டோபர் 30.