தங்க அட்டையும் தாயின் வீடும்



கல்முனையில் பிறந்து வளர்ந்து, வளைகுடா நாடொன்றில் நல்ல தொழில் பார்க்கும் கத்தோலிக்க இளைஞர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் தம் அனுபவத்தை என்னிடம் மனம் திறந்து பகிர்ந்துகொண்டார். பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு, அதை எழுதவும் அனுமதித்தார். நம் குடும்பங்களுக்கு அது பயன்படும் என்று கருதியே இங்கு எழுதுகின்றேன்.

டிசம்பர் மாதத்தின் கடைசி வாரங்கள். அவர் உறுப்பினராயிருந்த விமானப் பயணிகள் திட்டத்தில் தங்க அட்டை பெறுவதற்கு இன்னும் சில ஆயிரம் மைல்கள் குறைந்திருந்தன. ஆண்டு முடிந்தால் அதுவரை சேர்ந்த கணக்கு பூச்சியமாகிவிடும். எஞ்சியிருந்த நான்கு நாள் விடுமுறையை எடுத்தார். மலிவான பயணச்சீட்டுகளைத் தேடிக் கோத்தார். வளைகுடாவிலிருந்து கட்டுநாயக்க, அங்கிருந்து சிங்கப்பூர், மீண்டும் கட்டுநாயக்க, பின்பு கோலாலம்பூர், மறுபடியும் கட்டுநாயக்க, இறுதியில் புறப்பட்ட இடம். மொத்தம் ஆறு விமானங்கள். சிங்கப்பூரையும் அவர் பார்க்கவில்லை, கோலாலம்பூரையும் பார்க்கவில்லை. நாற்காலியிலேயே உறங்கி, நாற்காலியிலேயே உண்டு, கால்கள் வீங்கிய நிலையில் திரும்பினார். அட்டை கிடைத்தது.

பயணம் என்றால் ஓர் இடத்தைச் சேர்வது என்றே நாம் நினைத்திருக்கிறோம். எந்த இடத்தையும் சேராமல், மைல்களைச் சேர்ப்பதற்காகவே செய்யும் இத்தகைய பயணத்துக்கு விமானப் பயணிகளிடையே 'மைலேஜ் ரன்' என்று பெயரே உண்டு. 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் தொடங்கிய திட்டத்தின் வழியில் உலகின் பெரும்பாலான விமான நிறுவனங்கள் இத்தகைய திட்டங்களை நடத்துகின்றன. நம் நாட்டு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்துக்கும் 'ஃபிளைஸ்மைல்ஸ்' என்ற திட்டம் உண்டு. அந்நிறுவனம் 2014 மே 1ஆம் திகதி 'ஒன்வேர்ல்ட்' கூட்டமைப்பில் சேர்ந்த பின்னர், அதன் உயர்நிலை உறுப்பினர்கள் பிற நாட்டு விமானங்களிலும் சலுகை பெறுகின்றனர். முன்னுரிமை வரிசை, கூடுதல் பொதி, அமைதியான ஓய்வுக்கூடம் ஆகியவையே அச்சலுகைகள்.

இவற்றில் பாவம் என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தொழிலுக்காக மாதந்தோறும் பறக்க வேண்டியவருக்கு ஓய்வுக்கூடத்தின் ஒரு மணி நேர அமைதி பெரிய ஆறுதல். கூடுதல் பொதி என்பது வீட்டுக்குக் கொண்டுவரும் பால்மாவும் பிள்ளைகளின் உடுப்பும்தான். தானாக வந்து சேரும் சலுகையைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. அந்தச் சலுகையே நம் நாட்களை நமக்காகத் தீர்மானிக்கத் தொடங்கும்போதுதான் நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

அந்த இளைஞரின் கதைக்குத் திரும்புவோம். நான்கு நாட்களுக்குள் அவர் மூன்று முறை கட்டுநாயக்கவில் இறங்கினார். ஒருமுறைகூட வெளியே வரவில்லை. ஓர் இரவு பஸ் பயணத் தொலைவில், கல்முனையில், அவருடைய தாய் நத்தார் குடிலைத் தனியே கட்டிக்கொண்டிருந்தார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று அயலவரிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு ஊர் வந்தபோது அவர் அந்த அட்டையைத் தாயிடம் காட்டினார். அது எப்படிக் கிடைத்தது என்று சொல்லத் தொடங்கியவர், பாதியிலேதான் தாம் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதை உணர்ந்தார். தாய் கோபப்படவில்லை.

"கட்டுநாயக்காவுக்கு மூணு தரம் வந்தயா மகன்? அங்க சாப்பிட ஏதும் தந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன், ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது முதலில் இதைத்தான் சொன்னேன்" என்றார் அந்த இளைஞர்.

அதே பயணத்தில் நடந்த இன்னொன்றையும் அவர் கூறினார். முன்னுரிமை வரிசையை நோக்கிச் சென்றபோது, மருதமுனையைச் சேர்ந்த முஸ்லிம் தாய் ஒருவர், தமிழில் பேசக் கேட்டதும் அருகில் வந்து, படிவமொன்றை நிரப்பித் தரும்படி கேட்டாராம். வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு சென்று, பிள்ளைகளைப் பல ஆண்டுகள் காணாமல் திரும்பிக்கொண்டிருந்தவர். அவர் வாழ்நாளில் விமானம் ஏறியது இரண்டே முறை: போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று. வீடு போய்ச் சேரும் அவசரம் அந்த முகத்தில் தெரிந்தது என்றார். எங்கும் போகாதவர் முன்வரிசையில் நின்றார். வீட்டுக்குப் போகிறவர் நீண்ட வரிசையின் கடைசியில் நின்றார்.

அன்பானவர்களே, யாக்கோபு தம் திருமடலின் இரண்டாம் அதிகாரத்தில் எச்சரிப்பது இதைத்தான் அல்லவா? பொன் மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும், அழுக்கு ஆடை அணிந்த ஏழைக்கு நிற்குமிடமும் காட்டும் சபையை அவர் கடிந்துகொள்கின்றார். விமான நிலையம் ஆலயமன்று. பணம் செலுத்துகிறவருக்கு அங்கே வசதி கிடைக்கும். ஆனால் அங்கே கற்ற பழக்கத்தை நாம் ஆலயத்துக்குள்ளும் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிடுகிறோம் என்பதே என் கவலை.

விமானம் ஏறாமலே நாம் செய்யும் வெறும் பயணங்களை எண்ணிப் பாருங்கள். திருவிழாவில் முன்வரிசை ஆசனத்துக்காக, நன்கொடைப் பலகையில் பெயர் மேலே வருவதற்காக, பங்குச் சபையின் பதவிக்காக எத்தனை மாலைகளை வீட்டாரிடமிருந்து பறித்துக்கொள்கிறோம்! புலமைப்பரிசில் பரீட்சையில் அயல்வீட்டுப் பிள்ளையை விட ஒரு புள்ளி கூடப் பெறவேண்டும் என்று, பத்து வயதுப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமையும் மறைக்கல்விக்கு அனுப்பாமல் வகுப்புக்கு வகுப்பு ஏற்றி இறக்குகிறோம். பிள்ளையும் களைத்து, பெற்றோரும் களைத்து வீடு திரும்பும்போது, ஒன்றாயிருந்து செபமாலை சொல்ல ஒருவருக்கும் தெம்பில்லை.

களைப்பு என்பது தன்னளவில் தீயதன்று. ஆயித்தியமலை சதாசகாய அன்னையின் திருத்தலத்துக்கு வெயிலில் கால்நடையாகச் செல்லும் நம் மக்களும் களைக்கிறார்கள். அங்கே முந்திச் சென்றவருக்குத் தனி வாசல் கிடையாது. நம் அயலவரான இஸ்லாமியச் சகோதரர் ஹஜ் கடமைக்காகச் செல்லும்போது, செல்வரும் ஏழையும் ஒரே விதமான தையலற்ற வெள்ளாடை அணிந்தே நிற்கின்றனர். அந்தக் களைப்பு மனிதரை இறைவனிடமும் அயலவரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. எனவே களைத்த ஒவ்வொரு நாளின் இறுதியிலும், நான் இன்று யாரை நெருங்கினேன் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.

மனிதர் தரும் தகுதிகளின் இயல்பையும் மறக்கலாகாது. பறந்த தூரத்தைக் கணக்கிட்டு மைல்களை வழங்கிய அமெரிக்க நிறுவனங்கள், 2015, 2016ஆம் ஆண்டுகளில் செலுத்திய பணத்தைக் கணக்கிடத் தொடங்கின. பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனமும் 2025 ஏப்ரல் முதல் தன் உறுப்பினர் தகுதியைச் செலவிட்ட தொகையைக் கொண்டே பெரும்பாலும் தீர்மானிக்கின்றது. மலிவான சீட்டுகளில் நெடுந்தூரம் பறந்து அட்டை பெற்றவர்களின் உழைப்பு அதனால் மதிப்பிழந்தது. நிறுவனத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. விதியை எழுதியவருக்கு அதை மாற்றவும் உரிமை உண்டு. கடன் வாங்கிய மதிப்பு என்றைக்கும் இப்படித்தான்.

நாம் பெற்ற திருமுழுக்கு அழியாத முத்திரை என்று திருச்சபை கற்பிக்கின்றது. அதைப் பெற நாம் ஓர் அடியும் நடக்கவில்லை; தாயோ தந்தையோ ஞானப்பெற்றோரோ கையில் ஏந்திச் சென்றார்கள். டிசம்பர் முடிவில் அது காலாவதியாவதில்லை. அனுப்பப்பட்ட சீடர்கள் தங்கள் வெற்றிகளைப் பெருமையோடு எடுத்துரைத்தபோது, விண்ணகத்தில் பெயர் எழுதப்பட்டிருப்பதற்காகவே மகிழும்படி ஆண்டவர் அவர்களுக்கு அறிவுறுத்தினார் என்று லூக்கா நற்செய்தி பத்தாம் அதிகாரம் கூறுகின்றது. அந்தப் பெயரேட்டில் வெள்ளி, தங்கம் என்ற பிரிவுகள் இல்லை.

இந்த வாரம் ஒரு சிறு முயற்சி செய்வோமா? குடும்பமாக அமர்ந்து, நாம் எதற்காக ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் ஒன்றைச் சொல்வோம். பிள்ளைகளையும் பேச விடுவோம். அவர்கள் சொல்வது நம்மைச் சுடலாம். அதில் ஒரு வெறும் பயணத்தையாவது இரத்துச் செய்து, அந்த நேரத்தை நமக்காகக் காத்திருக்கும் ஒருவரிடம் கொடுப்போம். வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளே, உங்கள் அடுத்த விடுமுறையின் முதல் சீட்டு வீட்டுக்கானதாக இருக்கட்டும்.

அந்த இளைஞரிடம் இன்று தங்க அட்டை இல்லை. மறு ஆண்டே அது காலாவதியாகிவிட்டது. அந்த டிசம்பரில் அவர் நீண்ட வரிசையில் நின்று, கட்டுநாயக்கவில் இறங்கி, வெளியே வந்து, இரவு பஸ் ஏறினார். விடியற்காலையில் கல்முனை வந்து சேர்ந்தபோது தாய் படலையைத் திறந்து வைத்திருந்தார். அந்த ஆண்டுக் குடிலை இருவரும் சேர்ந்து கட்டினார்கள்.