நண்பா, உடனே ஃபார்மட் போடாதே!



நம் லேபில் ஒரு கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்றால் அடுத்த நிமிடமே காதில் விழும் வார்த்தை எது? "ஃபார்மட் போட்டுரலாம்!" தலைவலி என்று வந்தவனிடம் தலையையே எடுத்துவிடலாம் என்று சொல்வது போலத்தான் இது. ஆனால் நாமும் சிரிக்காமல் தலையாட்டுகிறோம். நானும் ஆட்டினவன்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் நான் இரண்டாமாண்டு. தீபாவளி லீவு முடிந்து லேபுக்குப் போனால், கடைசி வரிசையில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் கறுப்புத் திரை. பூட் டிவைஸ் கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி. கடையிலிருந்து ஆள் வந்தார். பத்து நிமிடம் பார்த்தார். "விண்டோஸ் போயிடுச்சு, ஃபார்மட்தான்" என்றார். நாங்கள் நாலு பேர் சுற்றி நின்றோம். ஒருத்தர்கூட, "உள்ளே யாருடைய வேலையாவது இருக்கா?" என்று கேட்கவில்லை. இருந்தது. மூன்றாமாண்டு அக்கா ஒருவரின் புராஜெக்ட், இரண்டு மாத உழைப்பு. பென் டிரைவில் பழைய காப்பி மட்டும்தான். "தம்பி, நீ அங்கதான இருந்த? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று லேப் படியில் உட்கார்ந்து கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கதை அதோடு முடியவில்லை. பொங்கல் லீவு முடிந்து வந்தோம். அதே கம்ப்யூட்டர், அதே கறுப்புத் திரை, அதே வரி! அப்படியென்றால் ஃபார்மட் போட்டு என்னத்தைச் சரி செய்தோம்?

நண்பர்களே, பூட் என்பது ஒரே தாவல் அல்ல, ஐந்து படி. எந்தப் படியில் கால் தடுக்கியது என்று பார்க்க வேண்டும். முதல் படி கரண்ட். ஃபேனே சுற்றவில்லை என்றால் விண்டோஸைத் திட்டிப் பயனில்லை, பிளக்கையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் பாருங்கள். இரண்டாவது, மதர்போர்டு தன்னைத்தானே சோதித்துக் கொள்வது. ரேம் சரியாக உட்காரவில்லை என்றால் பல மெஷின்கள் இங்கேயே பீப் அடித்து நின்றுவிடும். மூன்றாவது, பயாஸ் டிஸ்க்கைத் தேடுவது. பழைய முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும், புதிய யு.இ.எஃப்.ஐ. முறையில் தனிப் பார்ட்டிஷனில் உள்ள பூட் ஃபைலைத் தேடும். "பூட் டிவைஸ் இல்லை" என்று வந்தால் சந்தேகம் இந்தப் படியில். நான்காவது, விண்டோஸின் பூட் மேனேஜர் அல்லது லினக்ஸின் கிரப். ஐந்தாவது, கெர்னலும் டிரைவர்களும். விண்டோஸின் நீலத்திரை வந்துவிட்டால், முதல் நாலு படி தாண்டி இங்கே வந்துவிட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். திரையில் வரும் அந்த ஒரு வரி திட்டு அல்ல, விலாசம்!

லேப் அசிஸ்டன்ட் சாரிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். டிஸ்க்கின் பெயர் அங்கே தெளிவாக இருந்தது. ஆனால் தேதி? பல வருடம் பின்னால் போயிருந்தது! மதர்போர்டில் எட்டணா அளவுக்கு ஒரு வட்ட பேட்டரி உண்டு, சி.ஆர்.2032 என்று பெயர், மூன்று வோல்ட். அது செத்துப் போயிருந்தது. தினமும் மெயின் சுவிட்ச் போட்டே இருப்பதால் தெரியவில்லை. நீண்ட லீவுக்கு மெயினை அணைத்ததும் பயாஸ் தன் செட்டிங்கை எல்லாம் மறந்துவிட்டது. பூட் முறை மாறிவிட்டது. பழைய முறையில் போட்ட விண்டோஸை யு.இ.எஃப்.ஐ. முறையில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? பேட்டரியை மாற்றி, பூட் முறையைப் பழையபடி வைத்தோம். ஒரு ஃபைல்கூடப் போகாமல் எழுந்து வந்தது. செலவு ஐம்பது ரூபாய்க்குள். தீபாவளிக்கே இதைப் பார்த்திருந்தால்... அந்த அக்காவின் முகம்தான் ஞாபகம் வந்தது.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் போர்வெல் மோட்டார் தூக்கும் கூலி வேலை செய்கிறவர். பள்ளிக்கூடம் அதிகம் பார்க்காதவர். சிரித்துக்கொண்டே, "மோட்டார் ஓடலைன்னா உடனே தூக்கக் கூடாதுப்பா. ஃபியூஸ் பாக்கணும், மூணு பேஸும் வருதான்னு பாக்கணும், ஸ்டார்ட்டர் பாக்கணும். மேல இருக்கறதெல்லாம் பாத்துட்டுத்தான் கீழ கை வெக்கணும்" என்றார். ஐநூறு அடி பைப்பைத் தோளில் இழுத்தவருக்குத் தெரிந்தது, டிப்ளமோ படிக்கிற எனக்குத் தெரியவில்லையே!

பெரிய இடத்துக் கதையும் இதுதான். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் கோளாறான ஒரு அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் முடங்கின. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். தீர்வு என்ன? ஃபார்மட்டா? இல்லை. சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை நீக்குவது! பல இடங்களில் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து அதைத்தான் செய்தார்கள்.

ஃபார்மட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில நேரம் வேறு வழி இருக்காது. ஆனால் அதற்கு முன் லினக்ஸ் லைவ் பென் டிரைவில் பூட் செய்து ஃபைல்களைக் காப்பி எடுக்கலாமே! டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால், ரிப்பேர் கட்டளை எதையும் ஓட்டும் முன் காப்பிதான் முதல் வேலை.

அப்புறம் ஏன் நாம் ஃபார்மட்டுக்கு ஓடுகிறோம்? சோம்பேறித்தனம் மட்டுமல்ல, பயம். என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் பலர், கம்ப்யூட்டரைத் தொட்டதே இங்கே வந்துதான். "தொட்டுக் கெட்டுப் போச்சுன்னா யார் பணம் கட்டறது?" என்ற பயத்தில் கையைக் கட்டி நிற்கிறோம். வீட்டில் கம்ப்யூட்டர் உள்ளவன் கழற்றி மாட்டிக் கற்றுக்கொள்கிறான். நாம் மூன்று வருடம் படித்தும், கழற்றத் தெரியாமல் சர்டிபிகேட்டோடு வெளியே போகிறோம். நாளை வேலைக்குப் போகிற இடத்தில் நம்மை நம்பி ஒரு சர்வரைக் கொடுப்பார்களா?

ஆகவே நம் மாணவர் மன்றம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்று, கழித்துக் கட்டிய பழைய கம்ப்யூட்டர்களில் இரண்டை நமக்கே விட வேண்டும். கெடுத்துக் கெடுத்துச் சரிசெய்து பழக. இரண்டு, ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு நோட்டு. என்ன வரி வந்தது, என்ன செய்தோம் என்று எழுதி வைக்க. தீபாவளிக்கு ஒருவர் எழுதியிருந்தால் பொங்கலுக்கு நான் தேடியிருக்க வேண்டியதில்லை. மூன்று, காப்பி எடுக்காமல் ஃபார்மட் இல்லை என்று லேப் சுவரில் பெரிதாக ஒரு போர்டு.

மற்றதை நாம் செய்வோம். அடுத்த முறை கறுப்புத் திரை வந்தால் ஓடாதீர்கள். உட்காருங்கள். அந்த ஒரு வரியை நோட்டில் எழுதுங்கள். அதன்பிறகு, சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்து, நான் கேட்காமல் விட்ட அந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "உள்ளே யாருடைய வேலையாவது இருக்கா?"

– மூன்றாமாண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை