குண்டு போடும் பிள்ளைக்கு ஒரு பயிற்றுநர்



கட்டுகஸ்தோட்டையில் பஸ் மாறி, மலைப்பக்கத் தோட்டமொன்றுக்கு மாதம் இரண்டு முறை செல்வது என் வேலைகளில் ஒன்று. அப்படிப் போன ஒரு சனிக்கிழமை, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தார் ஒரு தாய். பின்னால் அவருடைய மகள். தரம் 10 படிக்கிறாள். வயதுக்கு மிஞ்சிய உயரம், அகன்ற தோள்கள். தலை நிமிராமல் நின்றாள்.

"மிஸ், இவ படிக்கட்டும், வேணாங்கல. ஓடுறதுன்னாலும் ஓடட்டும். அந்த இரும்புக் குண்டு மட்டும் வேணாம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா" என்றார்.

விசாரித்தேன். இல்ல விளையாட்டுப் போட்டியில் குண்டு போடுதலில் பிள்ளை முதலிடம். கோட்ட மட்டத்திலும் வென்றாள். அடுத்தது வலய மட்டம். வாரம் இரண்டு நாள் பாடசாலை விட்ட பிறகு பயிற்சிக்கு நிற்க வேண்டும் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அங்குதான் பிரச்சினை ஆரம்பம்.

தாயின் மறுப்புக்கு மூன்று காரணங்கள் இருந்தன. பாரம் தூக்கினால் உடம்பு ஆம்பிளை மாதிரி ஆகிவிடும் என்பது ஒன்று. கர்ப்பப்பைக்குக் கூடாது என்று லயத்தில் பெரியவர்கள் சொல்கிறார்கள் என்பது இரண்டு. மூன்றாவதை அவர் மகளைத் தூரப் போகச் சொல்லிவிட்டுத்தான் சொன்னார். "பழக்குறவரு ஆம்பிள சேர். பொழுது சாயுற நேரம். நான் யார நம்புறது மிஸ்?"

பிள்ளையிடம் தனியாகப் பேசினேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு ஒரே ஒரு விடயம் சொன்னாள். "வகுப்புல எல்லாரும் என்னயத் தடிச்சின்னு கூப்பிடுவாங்க மிஸ். கிரவுண்ட்ல மட்டுந்தான் சேர், 'இந்தத் தோளு உனக்குக் கெடச்ச வரம்'னு சொன்னாரு."

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தையே மனதில் ஓடியது. எந்த உடம்பை வீடும் வகுப்பும் குறையாகப் பார்த்தனவோ, அதையே நிறையாகப் பார்த்தவர் ஒரு பயிற்றுநர். அவர் செய்யும் வேலை என்ன, அந்த வேலையில் பெண்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பதைப் பற்றி இம்மாதம் உங்களோடு பேசலாம் என்று தோன்றியது.

முதலில் தாயின் முதலிரண்டு பயங்களை எடுத்துக்கொள்வோம். அவை அவருக்கு மட்டும் உரியவை அல்ல. உலகமே அப்படித்தான் நினைத்தது. நவீன ஒலிம்பிக் 1896இல் தொடங்கியபோதே ஆண்களுக்குக் குண்டு போடுதல் இருந்தது. பெண்களுக்கு அது கிடைத்தது 1948இல், 52 ஆண்டுகள் கழித்து! தட்டெறிதல் 1928இலும் ஈட்டி எறிதல் 1932இலும் பெண்களுக்கு வந்தன. சம்மட்டி எறிதலில் ஆண்கள் 1900இலேயே போட்டியிட்டார்கள். பெண்கள் 2000ஆம் ஆண்டு வரை, முழுதாக ஒரு நூற்றாண்டு, காத்திருந்தார்கள்.

1948இல் இலண்டனில் பெண்களின் முதல் குண்டு போடுதல் போட்டியில் வென்றவர் பிரான்ஸ் நாட்டின் மிஷெலின் ஓஸ்டர்மேயர். தட்டெறிதலிலும் அவருக்கே தங்கம். அவருடைய தொழில் என்ன தெரியுமா? பியானோ வாசிப்பது! இரும்பைத் தூக்கிய அதே கைகள்தான் இசைக் கச்சேரியும் செய்தன. அவை முரட்டுக் கைகளாகிவிடவில்லை.

வளர்ந்த பெண்கள் போடும் குண்டின் எடை 4 கிலோ. 18 வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்கு 3 கிலோதான். நம் தோட்டத் தாய்மார் முதுகில் சுமக்கும் கூடையோடு ஒப்பிட்டால் இது என்ன பாரம்? முறையாகப் பழகினால் குண்டு போடுவதால் கர்ப்பப்பைக்குக் கேடு வராது. பாரப் பயிற்சி எலும்புகளைப் பலப்படுத்தும். உண்மையில் கேடு செய்வது முறையில்லாத பயிற்சியும் அரை வயிற்றுச் சாப்பாடும்தான். இரத்தச்சோகை உள்ள பிள்ளையைக் காலைச் சாப்பாடு இல்லாமல் மைதானத்தில் நிறுத்தினால் மயங்கித்தான் விழுவாள். அதற்குக் குண்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

முறையாகப் பழகுவது என்றேனே, அங்கேதான் பயிற்றுநர் வருகிறார். குண்டு போடும் வட்டத்தின் விட்டம் 2.135 மீற்றர். நாலு எட்டுக்கூட வைக்க முடியாத இடம். அதற்குள் கால் தரையை உந்த வேண்டும், இடுப்பு திரும்ப வேண்டும், பிறகு தோள், கடைசியாகத்தான் கை. பார்ப்பவர்களுக்குக் கைப்பலம்போலத் தெரியும். ஆனால் எறிவது காலும் இடுப்பும்தான். இந்த ஒழுங்கை ஒரு பிள்ளையின் உடம்புக்குப் பழக்க ஆண்டுகள் ஆகும். பிழையாகப் பழகினால் முழங்கையும் முதுகும் கெட்டுவிடும். ஆகவே எறிதல் பயிற்றுநர் என்பவர் விசில் ஊதுகிறவர் மட்டுமல்ல. பிள்ளையின் உடல், உணவு, உறக்கம், படிப்பு, மனநிலை என எல்லாவற்றையும் கவனிக்க வேண்டியவர்.

ஒரு நல்ல பயிற்றுநரின் கண் என்ன செய்யும் என்பதற்குக் கட்டுகஸ்தோட்டைக்காரர்களாகிய நமக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. மகாவலிக் கரையில் இருக்கும் புனித அந்தோனியார் கல்லூரியில் ஒரு தமிழ்ப் பையன் மத்திம வேகத்தில் பந்து வீசிக்கொண்டிருந்தான். அவனுக்குச் சுமார் 14 வயதாக இருக்கும்போது, சுழற்பந்து வீசிப் பார் என்று சொன்னவர் கல்லூரிப் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. அந்தப் பையன்தான் முத்தையா முரளிதரன். 2010இல் டெஸ்ட் போட்டிகளிலிருந்து ஓய்வு பெறும்போது அவர் எடுத்திருந்த விக்கெட்டுகள் 800. விக்கெட்டுகளை எண்ணுகிறோம், ஆனால் அன்று சொன்ன அந்த ஒரு சொல்லை எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்?

ஆண் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல ஒருவர் இருந்தார். பெண் பிள்ளைக்கு? அதுவும் ஒரு பெண்ணே சொன்னால்? இதற்குக் கொஞ்சம் தூரம் போக வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரிப் பயிற்றுநர் என்பது முழுநேரத் தொழில். அங்கே எறிதல் துறையிலிருந்து வந்த கொனி பிரைஸ்-ஸ்மித் என்ற கறுப்பினப் பெண்ணின் வாழ்க்கையை எனக்கு மிகவும் பிடிக்கும்.

1962இல் பிறந்த கொனி, தென் இலினோய் பல்கலைக்கழகத்துக்குப் போனது கூடைப்பந்து விளையாட. அங்குதான் குண்டும் தட்டும் அவர் கைக்கு வந்தன. 1988, 1992, 1996, 2000 என்று நான்கு ஒலிம்பிக்கில் பங்குபற்றினார். 1995இல் உலக உள்ளரங்கப் போட்டியில் வெள்ளி வென்றார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம். ஒலிம்பிக் பதக்கம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

பதக்கம் கிடைக்காதவரின் கதை அத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. 2001இல் தாம் படித்த அதே பல்கலைக்கழகத்தின் மெய்வல்லுநர் தலைமைப் பயிற்றுநரானார். கொனியைப் பழக்கியவர் அவருடைய கணவர் ஜோன் ஸ்மித். அதன் பிறகு மனைவி தலைமைப் பயிற்றுநர், கணவர் அவருக்குக் கீழே எறிதல் பயிற்றுநர்! நம் ஊரில் இதை எத்தனை குடும்பங்கள் சிரிக்காமல் ஏற்றுக்கொள்ளும்?

அந்த மைதானத்திலிருந்து வந்தவர்களைப் பாருங்கள். குவென் பெரி 15 வயதிலேயே தாயானவர். நம் சூழலில் அந்த வயதில் தாயான பிள்ளைக்குப் பாடசாலைக் கதவே மூடப்பட்டுவிடும். அவர் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்து, சம்மட்டி எறிந்து, 2016 ஒலிம்பிக்குக்குப் போனார். டியானா பிரைஸ் அங்கே பழகி, 2019இல் டோஹாவில் சம்மட்டி எறிதலில் உலகச் சம்பியனானார். அமெரிக்கப் பெண்களில் அதுவே முதல் முறை. கொனி 2015இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே பழகிய ராவன் சாண்டர்ஸ் டோக்கியோ ஒலிம்பிக்கில் குண்டு போடுதலில் வெள்ளி வென்றார். தமக்கு ஏற்பட்ட மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகப் பேசி, பலருக்குத் தைரியம் கொடுத்தவரும் அவரே.

2016இல் ரியோ ஒலிம்பிக்குக்குச் சென்ற அமெரிக்கப் பெண்கள் அணிக்குக் கொனியே தலைமைப் பயிற்றுநர். அங்கே மிஷெல் கார்ட்டர் 20.63 மீற்றர் போட்டுத் தங்கம் வென்றார். குண்டு போடுதலில் அமெரிக்கப் பெண்ணொருவர் பெற்ற முதல் தங்கம் அது. மிஷெலைப் பழக்கியவர் அவருடைய தகப்பனார். தகப்பனே மகளுக்குக் குண்டு போடப் பழக்கிய அந்தக் காட்சியை நம் அப்பாமாரும் மனதில் வைத்தால் நல்லது.

ஆனால் கொனி போன்றவர்கள் அங்கேயும் குறைவுதான். கல்வி நிலையங்களில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்ற சட்டம் அமெரிக்காவில் 1972இல் வந்தது. அதன் பிறகு விளையாடும் பெண்களின் தொகை பன்மடங்கு பெருகியது. பயிற்றுநர் விடயத்தில் நடந்தது வேறு. அதற்கு முன் கல்லூரிப் பெண்கள் அணிகளின் பயிற்றுநர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பின்னர் அது பாதிக்கும் கீழே இறங்கியது. பணமும் மரியாதையும் இல்லாதவரை அது பெண்களின் வேலை. இரண்டும் வந்ததும் ஆண்கள் வந்தார்கள். சமூகவியல் படித்த காலத்தில் இதைப் பாடமாகப் படித்தேன். இப்போது பார்க்கும் இடமெல்லாம் இதைக் காண்கிறேன்.

நமது நாட்டிலும் திறமைக்குக் குறைவில்லை. 2023இல் ஹாங்சௌ ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கையின் தில்ஹானி லேகம்கே 61.57 மீற்றர் ஈட்டி எறிந்து வெள்ளி வென்றார். 2024 பரிஸ் ஒலிம்பிக்கிலும் பங்குபற்றினார். ஹாங்சௌவில் அவரை முந்தித் தங்கம் வென்ற இந்தியாவின் அன்னு ராணி, உத்தரப் பிரதேசக் கிராமத்துப் பிள்ளை. ஈட்டி வாங்க வசதியில்லாமல் கரும்புக் கழியை எறிந்து பழகியவர். முதலில் அவருடைய கைவேகத்தைக் கண்டுகொண்டவர் அவருடைய அண்ணன். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் "உன்னால் முடியும்" என்று கண்டு சொன்ன ஒருவர் இருக்கிறார்.

இனி அந்தத் தாயின் மூன்றாவது பயத்துக்கு வருவோம். அதை மூடநம்பிக்கை என்று நான் ஒதுக்க மாட்டேன். பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்பது தாயின் உரிமை. நல்ல பயிற்றுநர் எவரும் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். ஆனால் பயத்துக்கு மருந்து பிள்ளையை வீட்டில் நிறுத்துவதல்ல, கேள்விகளைக் கேட்பதுதான். பயிற்சி திறந்த மைதானத்தில் நடக்கிறதா? பிள்ளை தனியாகவா, இன்னும் பிள்ளைகளோடா? பெண் ஆசிரியை ஒருவர் கூட நிற்பாரா? போட்டிக்கு வெளியூர் போனால் உடன் வரும் பெண் யார்? பயிற்சி எத்தனை மணிக்கு முடியும், எந்த பஸ்ஸில் பிள்ளை வருவாள்? பயிற்றுவிக்கும்போது தொட்டுத் திருத்த வேண்டியிருந்தால், பிள்ளையிடம் சொல்லிவிட்டு, மற்றவர்கள் பார்க்கத்தான் திருத்துவாரா? பிள்ளைக்கும் ஒன்று சொல்லிக் கொடுங்கள். மனதுக்குச் சரியில்லாத எதையும் அம்மாவிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும், அம்மா அடிக்க மாட்டாள் என்று. ஏதும் தவறு நடந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அந்தத் தாயோடு நானும் பாடசாலைக்குப் போனேன். ஆசிரியர் எங்கள் கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டார். "நானும் ரெண்டு பொம்பளப் பிள்ளைகளுக்குத் தகப்பன், நீங்க கேக்கிறது சரி" என்றார். பெண் ஆசிரியை ஒருவர் பயிற்சி நாட்களில் நிற்பதாக ஒத்துக்கொண்டார். நாலரை மணிக்குப் பயிற்சி முடிய வேண்டும், முதல் சில வாரம் தாயும் வந்து இருக்கலாம் என்று முடிவானது.

மைதானத்தின் ஓரத்தில் இருந்த குண்டை அந்தத் தாய் குனிந்து எடுத்தார். ஒரு கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்கா இவ்வளவு பயந்தேன்? என்னோட கூடையில கால்வாசி இருக்காதே" என்றார். மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வலய மட்டத்தில் அவள் வெல்லலாம், தோற்கலாம். அது எனக்குப் பெரிதல்ல. எனக்குள்ள ஆசை வேறு. படித்து முடித்து, தேசிய கல்வியியற் கல்லூரியொன்றில் உடற்கல்விப் பாடநெறியில் சேர்ந்து, ஒருநாள் அவளே ஒரு பாடசாலை மைதானத்தில் ஆசிரியையாக நிற்க வேண்டும். அப்போது இன்னொரு தாய் "யாரை நம்புவது?" என்று கேட்க நேராது. கூச்சத்தோடு தோளைக் குறுக்கி நிற்கும் இன்னொரு பிள்ளையிடம், "நிமிர்ந்து நில்லும்மா" என்று சொல்ல அங்கே ஒரு பெண் இருப்பாள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அவளுடைய உயரத்தையும் தோளையும் பற்றிக் கடைசியாக நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று இன்றிரவு கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது குறையாக இருந்தால், நாளைக்கே மாற்றிச் சொல்லலாம்.

அடுத்த மாதம் சந்திப்போம்.