பன்முகத் திறமைக்கு யார் நேரம் கொடுத்தது?

லோக் வான் தோ பற்றி யார் எழுதினாலும் முதல் பத்தியிலேயே ‘பன்முகத் திறமையாளர்’ வந்துவிடும். பொய் இல்லை. கேம்பிரிட்ஜில் படித்தவர். கேத்தே சினிமா நிறுவனத்தைக் கட்டி எழுப்பியவர். சலீம் அலியோடு இந்தியாவில் பறவை தேடி அலைந்தவர். தான் எடுத்த பறவைப் படங்களை 1957இல் நூலாகக் கொண்டுவந்தவர். 1964இல் தைவானில் விமான விபத்தில் இறந்தபோது வயது 49தான்.

எனக்கு அவர் மேல் கோபம் கிடையாது. கோபமெல்லாம் அந்த அடைமொழி மேல்தான்.

அப்பா லோக் யூ சீனாவிலிருந்து ஏழைச் சிறுவனாக வந்தவர். ஈயச் சுரங்கம், ரப்பர் தோட்டம், அபின் வரிக் குத்தகை என்று சொத்து சேர்த்தார். 1917இல் அவர் இறந்தபோது மகனுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. ஆக, சொத்து முதலில் வந்தது. திறமை அப்புறம்தான் வந்தது. பறவை கூட்டுக்குத் திரும்பும்வரை கேமராவோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கப் பொறுமை வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் உலை கொதிக்குமா என்ற கவலை இல்லாமலும் இருக்க வேண்டுமே!

அதே காலத்தில் மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் நம்மாட்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்றார்கள். பால்மரம் வெட்டிக் களைத்து வந்தபிறகும், கோயில் திருவிழாவுக்கு நாடகம் எழுதினார்கள், வேஷம் கட்டினார்கள், மிருதங்கம் வாசித்தார்கள். இதையெல்லாம் ஒரே ஆள் செய்ததும் உண்டு. அவருக்கு நாம் வைத்த பெயர் என்ன? ‘பொழுதுபோக்குக் கலைஞர்’. முதலாளி மகன் நாலு வேலை செய்தால் மேதை, பால்மரம் வெட்டுகிறவர் செய்தால் பொழுதுபோக்கா?

“வாரிசுகள் எத்தனையோ பேர் சொத்தைக் குடிச்சே அழிச்சிருக்காங்க. இவர் உழைச்சாரே?” என்று கேட்பீர்கள். உழைத்தார். அதனால்தான் சொல்கிறேன்: நேரமும் பணமும் கையில் இருந்தால் ஒரு மனிதர் எவ்வளவு தூரம் விரியலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை நல்ல சாட்சி. அந்தச் சாட்சியைப் பிறவி மேதைமை என்று வாசித்துவிடாதீர்கள். அந்த நேரம் கிடைக்காமல் எத்தனை பேர் சுருங்கிப் போனார்கள் என்ற கணக்காக வாசியுங்கள்.

உங்கள் தாத்தாவின் நாடக நோட்டு ஏதாவது டிரங்குப் பெட்டியில் கிடந்தால், கறையான் தின்பதற்குமுன் வெளியே எடுங்கள். இரக்கப்பட்டுப் பாராட்ட வேண்டாம். இலக்கியமாக வைத்து விமர்சனம் எழுதுங்கள். மோசமாக இருந்தால் மோசம் என்றே எழுதுங்கள். அந்த மரியாதைகூட இன்னும் அவருக்குக் கிடைக்கவில்லை.