லீவு முடிந்தும் திரும்பாதவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம்தான். அரசு வேலையில் இருப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள்.

பிரான்சில் சொந்தம் இருக்கும் வீடுகள் நம்ம ரெட்டியார்பாளையத்தில் நிறைய. மகள் பிரசவம், அம்மாவுக்கு ஆபரேஷன் என்று இரண்டு மாத லீவில் போகிறவர்கள், ஆபீசுக்கு ஒரு வரிகூட எழுதாமல் மேற்கொண்டு தங்கிவிடுகிறார்கள். கேட்டால், "சர்க்கார் வேலை சார், யார் எடுத்துவிட முடியும்?" என்கிறார்கள்.

எடுக்க முடியும். புதுச்சேரி அரசு ஊழியர்களுக்கும் மத்திய அரசின் 1972-ஆம் ஆண்டு விடுப்பு விதிகள்தான். அதில் 12-ஆவது விதியைப் பாருங்கள். லீவோடோ லீவில்லாமலோ தொடர்ந்து ஐந்தாண்டுக்கு மேல் வேலைக்கு வராதவர், வேலையை ராஜினாமா செய்ததாகவே கருதப்படுவார். அதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், அவ்வளவுதான். ஐந்தாண்டு ஆகாவிட்டாலும், அனுமதியில்லாமல் வராத நாட்களுக்குச் சம்பளம் கிடையாது, ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம்.

ராஜினாமா என்றால் வேலை மட்டும் போவதில்லை. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ளவருக்கு அதுவரை பார்த்த சர்வீஸே கணக்கில் வராது. அதே ஆள் 20 வருடம் முடித்து, மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வில் போனால் பென்ஷன் உண்டு. ஒரு கடிதம் எழுதாததற்கு இவ்வளவு பெரிய விலையா?

அதற்காக அலுவலகம் செய்வதெல்லாம் நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். எட்டு வேலை நாள் சொல்லாமல் வராவிட்டால் வேலையை விட்டுப் போனதாகக் கொள்ளலாம் என்ற சென்னை பி அண்ட் சி மில் நிலையாணையை 1964-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் டி.கே.யாதவ் வழக்கில் 1993-இல், விசாரிக்காமல் அப்படிப் பெயரை அடிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்றது. 2012-இல் கிருஷ்ணகாந்த் பார்மர் வழக்கில் இன்னும் தெளிவாகச் சொன்னது: வராமல் இருந்தது மட்டும் குற்றமாகாது, வேண்டுமென்றே வரவில்லை என்று நிரூபிக்க வேண்டும். நோயோ, மீற முடியாத நெருக்கடியோ காரணமாக இருந்தால் அது வேண்டுமென்றே செய்ததாகாது. ஆக, பூட்டிய வீட்டுக்கதவில் மெமோவை ஒட்டிவிட்டுக் கோப்பை மூடுவதை விசாரணை என்று சொல்ல முடியாது. ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருந்தால் அங்கே எழுதிக் கேட்பதுதான் முறை.

ஆனால் நம் பக்கம் ஒரு காகிதமும் இல்லையென்றால் கோர்ட்டில் என்னத்தைக் காட்டுவது? யாதவும் பார்மரும் சொன்ன காரணம், வேலைக்கு வந்த தங்களைத் தடுத்தார்கள் என்பது. நாம் வரவே இல்லையே! வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். ஜெயித்தாலும் பழைய சம்பளம் முழுதாக வரும் என்ற உறுதியில்லை. அந்த இருவருக்கும் பாதிதான் கிடைத்தது.

அதனால் என் கருத்து இதுதான். தங்க வேண்டிய கட்டாயம் என்றால் தங்குங்கள், தாயைப் பார்ப்பது தப்பில்லை. லீவு முடிவதற்குள் நீட்டிப்புக் கேட்டு எழுதுங்கள். டாக்டர் சர்டிபிகேட்டை இணையுங்கள். இப்போது இருக்கும் விலாசத்தைக் கொடுங்கள். அனுப்பியதற்கு அத்தாட்சியைப் பத்திரமாக வையுங்கள். விண்ணப்பம் போட்டாலே லீவு கிடைத்ததாக அர்த்தமில்லை. பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். மெமோ வந்தால் பயந்து ஒதுங்காமல், கெடு முடிவதற்குள் பதில் எழுதுங்கள்.

வெளிநாட்டில் இப்படித் தங்கியிருக்கும் சொந்தக்காரர் யாராவது இருந்தால், இதை இன்றைக்கே அவருக்கு அனுப்பி வையுங்கள்.